ஐந்தாம் கேள்விக்கு இரண்டு பதில்

மழைதான் அவனைக் கொண்டுவந்து சேர்த்தது என்று பிற்பாடு அவளுடைய அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது முழு உண்மை இல்லை. அவன் எண்ணிக்கைப்படி வந்தவன். ஒரு தெருவில் ஏழு கதவுக்கு ஒரு கதவைத் தட்ட வேண்டும் என்பது அவன் வேலையின் விதி. தையல் கடை ஐந்து, பூட்டிய வீடு ஆறு, மூக்குக் கண்ணாடிக் கடை ஏழு. மழை செய்தது ஒன்றே ஒன்றுதான். அவன் கண்ணாடியை நனைத்து, எதிரில் கதவு இருப்பதே தெரியாமல் பண்ணிவிட்டது. கடைக்காரியான அவள் வேறு அந்தக் கண்ணாடிக் கதவைத் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாளா...

டங்.

கண் சோதிக்கிற எழுத்துப் பலகைக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். வெளியே உயரமாக ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த பிளாஸ்டிக் உறை. காலடியில் அவன் கண்ணாடி இரண்டு துண்டாகக் கிடந்தது.

அவள் கதவைத் திறந்தாள்.

"கதவுல தள்ளவும்னு எழுதியிருக்கு. மோதவும்னு எழுதலை."

"எழுதியிருக்கா... எனக்குக் கதவே தெரியலைங்க."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். கண்ணாடிக் கடை வாசலில் கண்ணாடி உடைந்து நிற்பவனைப் பார்த்துச் சிரித்தால் வியாபாரத்துக்கு அழகா...

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அவன் விஷயத்தைச் சொன்னான். கருத்துக் கணிப்பு. தேர்தல் வருகிறதல்லவா, அதற்காக. ஐந்தே கேள்விகள், பத்து நிமிஷம்.

"கண்ணே தெரியலை, கணிப்பு எப்படி எடுப்பீங்க?"

"அதான் யோசிக்கறேன். கேள்வியெல்லாம் மனப்பாடம்தான். ஆனா பேப்பரைப் பார்த்துத்தான் படிக்கணும். ஒரு வார்த்தை மாறினாக்கூட அது வேற கேள்வி ஆயிடும்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா... அவனை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டினாள். வட்ட வட்டமாக வில்லைகள் போட்டு எடுக்கிற அந்த ஃபிரேமை மாட்டினால் யாராக இருந்தாலும் கொஞ்சம் அசடாகத்தான் தெரிவார்கள். இவனும் தெரிந்தான். அசடாக... ஆனால் அழகான அசடாக.

ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது ஜோடிக் கண்களைப் பார்க்கிறவள் அவள். கண் என்றால் அவளுக்கு ஒரு எண், ஒரு வில்லை, ஒரு ரசீது. அவ்வளவுதான். இன்று குனிந்து பார்த்தபோது இமையில் ஒரு மழைத்துளி இன்னும் உதிராமல் நின்றது. அதற்குள்ளே பழுப்பு நிறத்தில், அவசரமே இல்லாத இரண்டு கண்கள். தன்னை எடை போடாமல், வெறுமே பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள். அவள் கை வில்லைப் பெட்டியில் எதை எடுக்க வந்தோம் என்று ஒரு நிமிஷம் மறந்து போயிற்று.

"இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"இன்னொரு தடவை காட்டறீங்களா?"

இன்னொரு தடவை... பிறகு இன்னொரு தடவை... வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் முடிகிற சோதனை அன்றைக்குப் பதினைந்து நிமிஷம் ஓடியது. கண்ணை அளக்கிற மெஷின் ஒரு அளவு சொன்னது, அவன் வாய் வேறொன்று சொன்னது. எப்போதும் மெஷினை நம்புகிறவள் அன்றைக்கு ஏனோ அவன் வாயை நம்பினாள். அளவை எழுதி வைத்துக்கொண்டு, நான்கு நாளில் புதுக் கண்ணாடி தயாராகும் என்றாள்.

"அதுவரைக்கும் கிட்டத்தட்ட உங்க அளவுல வில்லை போட்ட பழைய ஃபிரேம் ஒண்ணு இரவல் தர்றேன். முதல்ல இதோடயே உங்க கேள்வியைக் கேளுங்க."

அவன் சோதனை ஃபிரேமோடு காகிதத்தை எடுத்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா, முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். அரசியல் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

"என்னைக் கேளுங்க தம்பி. எனக்கு நிறையக் கருத்து இருக்கு."

"மன்னிச்சுக்கங்க ஐயா. வீட்டுல யாருக்கு அடுத்ததாப் பிறந்த நாள் வருதோ அவங்களைத்தான் கேட்கணும். அது விதி."

"என் பிறந்த நாள் போன மாசம் போயிடுச்சே" என்று அப்பா நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எனக்கு அடுத்த மாசம்" என்றாள் அவள். சொன்ன பிறகு, இதை ஏன் இவனிடம் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னோம் என்று தோன்றியது.

கணிப்பின் தலைப்பு ஒன்றும் புதிதில்லை. அந்த ஆண்டு நாடே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெண்மணி. அவருடைய கணவர் பல் டாக்டர். மனைவி ஜெயித்தாலும் நான் கிளினிக்கை மூட மாட்டேன், பல் பிடுங்கிக்கொண்டுதான் இருப்பேன் என்று பேட்டி கொடுத்துவிட்டார். இன்னொருவரின் மனைவி கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. கணவர் மனுப் போட்ட அன்றைக்கே வேலையை ராஜினாமா செய்துவிட்டார். யார் ஜனாதிபதி ஆவது என்பதை ஜனங்கள் மறந்துவிட்டு, ஜனாதிபதிக்கு வாய்க்கிற துணை எப்படி இருக்க வேண்டும் என்று பஸ்ஸிலும் பார்பர் கடையிலும் அடித்துக்கொண்டார்கள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான்.

"கேள்வி ஒன்று. ஜனாதிபதியின் கணவர் அல்லது மனைவி தம் சொந்த வேலையை விட்டுவிட வேண்டுமா? ஆம், இல்லை, சொல்லத் தெரியவில்லை."

"இல்லை. எதுக்கு விடணும்? ஒருத்தர் பெரிய ஆளானா இன்னொருத்தர் வீட்டுல உட்கார்ந்து பூ ஜாடியைத் துடைக்கணுமா?"

"அதுக்கில்லம்மா" என்று அப்பா குறுக்கே வந்தார். "ஜனாதிபதியோட புருஷன் என் பல்லைத் தப்பாப் பிடுங்கிட்டா நான் யாருகிட்டப் போய்ப் புகார் கொடுக்கறது?"

"அப்பா, உங்களுக்குப் பிறந்த நாள் முடிஞ்சுபோச்சு. சும்மா இருங்க."

அவன் சிரிக்கவில்லை. இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டான்.

"கேள்வி இரண்டு. ஜனாதிபதியின் முடிவு பிடிக்காதபோது, அவருடைய துணை அதை வெளியில் சொல்லலாமா?"

"சொல்லணும். மைக்கைப் பிடிச்சே சொல்லணும்."

மூன்றாவது உடை பற்றியது. கிழியாமல் இருந்தால் போதும் என்றாள். நான்காவதுக்கு ஒரு அட்டையை நீட்டினான். படிப்பு, தோற்றம், பொறுமை, சொந்தக் கருத்து, விட்டுக்கொடுக்கும் குணம். இவற்றில் மிக முக்கியமானது எது?

"சொந்தக் கருத்து. இதுல யோசிக்கவே ஒண்ணுமில்லை."

"கேள்வி ஐந்து. அப்படி ஒருவருக்குத் துணையாக வாழ உங்களை அழைத்தால் நீங்கள் சம்மதிப்பீர்களா?"

"மாட்டேன்."

பட்டென்று சொன்னாள். கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கடையில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கடை எதுக்கு, நான்தான் சம்பாதிக்கிறேனே என்று கேட்டான். நிச்சயம் முடிந்து, மோதிரம் போட்டிருந்த சமயம். அவள் மோதிரத்தைக் கழற்றிக் கண்ணாடி வைக்கிற பெட்டியில் போட்டு அவனிடம் கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் துளிக் குழப்பமும் கிடையாது. கடையா கல்யாணமா என்றால், கடை.

இவன் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான்.

"ரொம்ப நன்றிங்க."

"அவ்வளவுதானா? நான் சொன்னது சரியா தப்பா?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"உங்க கருத்து என்ன?"

"எனக்குக் கருத்து கிடையாதுங்க" என்றான் மிகவும் மரியாதையாக.

அவன் போன பிறகு அவள் மனசில் அவனுக்கு ஒரு பெயர் வைத்தாள். கேள்வித்தாள். நல்ல கண்ணு... உள்ளே ஒண்ணுமே எழுதாத கேள்வித்தாள். திட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

நான்கு நாள் கழித்து வந்து கண்ணாடியை வாங்கிப் போனான். ஐந்தாம் நாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான்.

"தலை வலிக்குதுங்க. தரை கொஞ்சம் சாஞ்சு தெரியுது."

அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஏழு வருஷத்தில் அவள் கொடுத்த கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மறுபடி நாற்காலி, மறுபடி சோதனை ஃபிரேம். இந்த முறை அவன் பளிச் பளிச்சென்று பதில் சொன்னான். இது தெளிவு, இது இல்லை, இது தெளிவு. ஆறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மெஷின் முதல் நாள் சொன்ன அளவுதான் சரி.

"அன்னிக்கு ஏன் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னீங்க?"

அவனுக்குக் காது மட்டும் சிவந்தது. கருத்து இல்லாதவனுக்குக் காது எதற்குச் சிவக்கிறது என்று அவள் ராத்திரி சாப்பிடும்போது யோசித்தாள்.

அப்புறம் கண்ணாடியின் காது பிடி தளர்ந்துபோயிற்று என்று ஒருநாள் வந்தான். மூக்குப் பட்டை அழுத்துகிறது என்று ஒருநாள் வந்தான். இரவல் ஃபிரேமைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது என்று வந்தான். வந்து அதையும் மறந்துவிட்டுப் போனான். அப்பாவிடம் நிறையப் பேசினான், அதாவது அப்பா பேச அவன் கேட்டான். நான்கு வருஷமாகத் தற்காலிக வேலையாம். இந்தக் கணிப்பு ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

அவன் கேட்கிற விதம் ஒன்று இருந்தது. பேசுகிறவர் முடிக்கிறவரை குறுக்கே வர மாட்டான். முடித்த பிறகும் இரண்டு நொடி சும்மா இருப்பான், இன்னும் ஏதாவது இருக்கிறதோ என்று. அந்த இரண்டு நொடியில்தான் அவள் சிக்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாததெல்லாம் அதில் வெளியே வந்து விழுந்தது. மோதிரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தது... கொடுத்துவிட்டு வில்லை தேய்க்கிற அறையில் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதது...

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். மறுநாள் வரும்போது, அவள் கையில் வில்லைத் தூள் பட்டு வறண்டிருந்ததற்கு ஒரு களிம்பு வாங்கி வந்து கல்லா மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அதிலிருந்து அவளுக்கு எல்லாம் தப்புத் தப்பாக நடந்தது. படிக்கிற கண்ணாடி கேட்டவருக்கு வண்டி ஓட்டுகிற கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினாள். காலையில் வந்த வாடிக்கையாளரிடம் பல் டாக்டர்தான் சரி என்று வாதாடினாள். மத்தியானம் வந்தவரிடம், பாவம் அந்தக் கணக்கு டீச்சர், ஆசையாகத்தான் வேலையை விட்டிருப்பார், அதிலென்ன தப்பு என்றாள். அப்பா குழம்பிப் போனார்.

"ஏம்மா, நீ எந்தக் கட்சி?"

"எனக்கே தெரியலைப்பா."

இவனுக்கும் மனசில் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லார் வீட்டிலும் இப்படித்தான் உட்கார்ந்து கதை கேட்பானா... அதுதான் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு மழைச் சாயங்காலம், அப்பா மாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"சரி, ஜனாதிபதியை விடுங்க. ஒரு கண்ணாடிக் கடைக்காரி. அவளுக்குக் கல்யாணம் ஆகுதுன்னு வச்சுக்கங்க. அவ கடையை விடணுமா, வேண்டாமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பழுப்புக் கண்ணில் ஏதோ பளிச்சென்று வந்தது. வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டது.

"இது... முதல் கேள்வி மாதிரியே இருக்குங்க."

"இருக்கட்டும். பதில் சொல்லுங்க."

"கணிப்பு முடியற வரைக்கும் நான் பதில் சொல்லக் கூடாதுங்க. இன்னும் ரெண்டு வாரம்..."

"நான் உங்களைக் கணிப்புக்காகக் கேட்கலை."

அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்துப் படிவத்தில் ஒரு படிவத்தை ஆபீஸிலிருந்து வந்து மறுபடி கேட்டுச் சரிபார்ப்பார்கள். அவன் இப்போது வாயைத் திறந்து, நாளை அவள் அவன் சொன்னதையே அவர்களிடம் சொன்னால், அவள் கருத்து என்று அவன் கொடுத்த காகிதம் பொய்யாகிவிடும். நான்கு வருஷத்தில் அவன் ஒரு பொய்க் காகிதம் கொடுத்ததில்லை. இதையெல்லாம் அவளிடம் விளக்கியிருக்கலாம். ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்குத் தன் பெயரே சரியாக ஞாபகம் வருவதில்லை.

"சொல்லத் தெரியலைன்னு போட்டுக்கங்க" என்றான் மெதுவாக.

அவளுக்குச் சுருக்கென்றது. இதையா... இவ்வளவு தூரம் இறங்கி வந்து கேட்டதுக்கு இதையா...

"உங்க கண்ணாடி இப்ப நல்லா இருக்கு. இனிமே நீங்க வர வேண்டிய அவசியம் இல்லை."

அவன் இரண்டு நொடி நின்றான். பிறகு இரவல் ஃபிரேமைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து, மேசையில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். குடைகூட எடுக்கவில்லை. போகட்டும், நனையட்டும் என்று அவள் நினைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, அய்யோ, கண்ணாடி நனைந்து எந்தக் கதவில் போய் மோதுகிறானோ என்று நினைத்தாள்.

ஒன்பது நாள் அவன் வரவில்லை. பத்தாம் நாள் மழையோடு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெரிய கறுப்புக் குடை, அதே மாதிரி அடையாள அட்டை. கணிப்பு ஆபீஸின் மேற்பார்வையாளராம். அந்த நேரத்தில் தபால்காரர் ஒருவர் நாற்காலியில் சோதனை ஃபிரேமோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடி, இன்னொரு கண்ணில் கனத்த வில்லை.

"ஒரு பத்து நிமிஷம்மா. எங்க பையன் ஒருத்தர் உங்களைக் கேள்வி கேட்டாரா? அதே கேள்வியை நான் இன்னொரு தடவை கேட்கணும்."

எங்க பையன் என்றதுமே அவள் தபால்காரரை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு அவன் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. ஆனாலும் கேள்வியைக் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை.

வேலையை விட வேண்டுமா? "இல்லை." இதில் அவளுக்கு இன்றைக்கும் மாற்றம் இல்லை.

பிடிக்காததை வெளியில் சொல்லலாமா? அவள் யோசித்தாள். ஒருவன் சொல்லாமலே இருந்ததும், அதைத் தான் கேட்டு வாங்கப் போய் எல்லாம் கெட்டதும் நினைவுக்கு வந்தது. "சொல்லத் தெரியலைங்க."

உடை? "கிழியாம இருந்தாப் போதும்."

மிக முக்கியமான குணம்? அட்டையைப் பார்த்தாள். "பொறுமை... குறுக்கே பேசாம ஒருத்தர் சொல்றதைக் கேட்கற பொறுமை."

துணையாக வாழ அழைத்தால் சம்மதிப்பீர்களா?

வெளியே மழை வலுத்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அது ஆளைப் பொறுத்ததுங்க."

மேற்பார்வையாளர் எழுதி முடித்தார். பையிலிருந்து அவனுடைய பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் மாறியது. சிவப்புப் பேனா வெளியே வந்தது. ஒரு சுழி... இரண்டு... மூன்று.

"எ... என்ன ஆச்சுங்க?"

"மூணு பதில் மாறியிருக்கும்மா. ரெண்டு வரைக்கும் விட்டுடுவோம். மூணுன்னா, அந்தப் பையன் உங்களைப் பார்க்காமலே எங்கேயோ உட்கார்ந்து அவரா டிக் போட்டிருக்காருன்னு அர்த்தம். இப்படிப் பண்றவங்க உண்டு." பெருமூச்சு விட்டார். "இவரை நான் அப்படி நினைக்கலை. ஒழுங்கான பையன்னு நான்தான் நிரந்தரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இனிமே இவர் கொண்டுவந்த எல்லாப் படிவத்தையும் தள்ளிடுவோம். வேலையும் இருக்காது."

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"இல்லைங்க, அவர் வந்தாரு. அவர் எழுதினதுதான் சரி. பழைய பதிலையே போட்டுக்கங்க. நான் இப்பச் சொன்னதை அடிச்சிடுங்க."

மேற்பார்வையாளரின் கண் சுருங்கியது. "அவர் உங்ககிட்டப் பேசி வச்சிருக்காரா? இப்படி இப்படிச் சொல்லுங்கன்னு?"

காப்பாற்றப் போய்க் குழியைப் பெரிதாக்கிவிட்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"இல்லவே இல்லைங்க..."

"வெளிய வேன்லதான் இருக்காரு. கூப்பிடறேன்."

அவன் வந்தான். இந்த முறை கதவைத் தள்ளிக்கொண்டு சரியாகவே வந்தான். மூன்று சிவப்புச் சுழிகளையும் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, அதுதானே அவன் பழகிய வித்தை.

"ஏம்ப்பா, இவங்களை நேர்ல பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்ப ஏன் பதில் மாறுது?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் பதில்கள் மாறியிருப்பதைப் பார்த்து அவனே குழம்பிப்போய் நின்றான். ஐந்தாவது கேள்விக்கு எதிரே எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தான்.

"தெரியலை மேடம். ஆனா அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம். என் மேல நடவடிக்கை எடுத்துக்கங்க."

இதற்குமேல் அவளால் முடியவில்லை. மானம், ரோஷம், ஒன்பது நாள் கோபம் எல்லாம் ஒரு பக்கம். எதிரே இவன் நான்கு வருஷ வேலை போகிறதே என்ற கவலை இல்லாமல், தன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நிற்கிறான்.

"ஒரு நிமிஷம். பதில் ஏன் மாறிச்சுன்னு எழுத உங்க பேப்பர்ல இடம் இருக்கா?"

"இருக்கும்மா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. யாரும் அதுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்றேன். எழுதிக்கங்க."

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து நின்றார்.

"மொத தடவை இவர் கேட்டப்ப எனக்கு இவரைத் தெரியாது. அதுக்கப்புறம் இவர் அடிக்கடி வந்தாரு. எவ்வளவோ தடவை கேட்டும் இவர் கருத்தை ஒரு வார்த்தை சொல்லலை. அந்தக் கோபத்துலதான் வராதீங்கன்னு துரத்தினேன். இவர் எனக்கு எதையும் சொல்லித் தரலை. நானாத்தான் மாறிப்போனேன்." பேனா எழுதி முடிக்கிறவரை காத்திருந்தாள். "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. அதான் காரணம்."

மேற்பார்வையாளர் சொல்லுக்குச் சொல் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் அவர்கள் விதியாம். ஏற்ற இறக்கம் இல்லாத அதே ஆபீஸ் குரலில் முழுவதையும் உரக்கப் படித்தார்.

"...எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. அதான் காரணம். சரிதானேம்மா?"

"சரிங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். அவர் உதட்டில் இவ்வளவு நேரம் இல்லாத ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"கேள்வி கேட்டவருக்குத் தெரிஞ்சவங்க பதிலை நாங்க எடுத்துக்க மாட்டோம். இந்த ஒரு படிவம் செல்லாது. மத்ததெல்லாம் செல்லும். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலைப்பா." குடையை எடுத்துக்கொண்டார். "நான் வேன்ல இருக்கேன். சீக்கிரம் வா."

அவர் போய்விட்டார். அவன் போகவில்லை.

"படிவம் செல்லாதுன்னா..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். "அப்ப நான் கருத்து சொல்லலாம்."

"இருந்தாச் சொல்லுங்க" என்றாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பழக்கம் விட்டுப்போச்சு. நாலு வருஷமா எல்லாரையும் நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்..." அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டான். "முதல் நாள் கண்ணு சோதிச்சப்ப எனக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரிஞ்சது. சீக்கிரம் முடிஞ்சுடுமேன்னு பொய் சொன்னேன். வாழ்க்கையில நான் கொடுத்த ஒரே பொய்ப் பதில் அதுதான். அதுக்கு ஒரு நாள் பூரா தலைவலியோட சுத்தினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சாவது கேள்வியை என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டா, சம்மதம்னு சொல்லுவேன். எனக்கு ஜனாதிபதி ஆகற யோசனை எல்லாம் கிடையாதுங்க. நீங்க ஆனா நான் துணைக்கு வர்றேன். நீங்க இந்தக் கடையிலேயே இருந்தாலும் வர்றேன். சாயங்காலம் நீங்க வேலை முடிக்கற வரைக்கும் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பேன்." மூச்சு வாங்கினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கதவுல மோதின அன்னிலேருந்து."

எவ்வளவு பெரிய கருத்தை இவன் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் வைத்திருந்தான்... அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் திணறினாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் உட்கார்ந்து, துடைத்த ஃபிரேமையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

நாற்காலியிலிருந்து தபால்காரர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அங்க யாரு சிரிக்கறாங்க, யாரு அழறாங்க? எனக்கு இந்த வில்லையில ஒண்ணும் தெரியலையே."

"எங்களுக்கே தெரியலைங்க. ஒரு நிமிஷம், வந்துடறேன்."

சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான் கடையை விட மாட்டேன்."

"தெரியும்."

"உங்களையும் விட மாட்டேன்."